சர்க்கரை நோய்க்கு முன்னால் வருவது: கணவன் மனைவி இருவரும் அறிய வேண்டியது



இந்த வெளியீட்டை வீட்டுக்காரர் மட்டும் படித்துவிட்டுக் காலண்டருக்குப் பின்னால் செருகிவிடாமல், கணவன் மனைவி இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்குமாறு வேண்டுகிறேன். படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இது ஒருவருடைய உடம்பைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. ஒரே அடுப்பில் சமைத்து ஒரே சட்டியில் இருந்து சாப்பிடுகிற குடும்பத்தைப் பற்றியது.

இராசிபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். கணவர் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். மனைவிக்கு 31 வயது, தறி வேலை. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாதத்தில், இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொன்னார்கள். சாப்பாட்டை மாற்றிக்கொண்டார், சில வாரம் இன்சுலின் ஊசியும் போட்டுக்கொண்டார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிறந்த கையோடு சர்க்கரையும் இறங்கிவிட்டது. ஆறு வாரம் கழித்து மறுபடி வந்து பார்த்துக்கொள்ளும்படி எழுதிக்கொடுத்த சீட்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் மடித்தபடியே இருந்தது. "அதுதான் பிரசவத்தோட போயிருச்சுங்களே" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

நான்கு வருஷம் கழித்து, தீராத அரிப்பும் வெள்ளைப்படுதலும் என்று சுகாதார நிலையத்துக்கு வந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 212.

"நான் இனிப்பே தொடறதில்லீங்க சார். எனக்கு எப்படிங்க இது வந்துச்சு?" என்று கேட்டார். 

"புதுசா வரலைம்மா. அன்னைக்குப் போனது சர்க்கரை மட்டும்தான். அதுக்குக் காரணமா இருந்தது உள்ளேயே இருந்துச்சு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவசர அவசரமாகச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பது பிறகுதான் எனக்குப் பட்டது. அன்று அவருக்குச் சரியாகச் சொல்லாமல் விட்டதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இன்சுலின் செய்யும் வேலை

நாம் சாப்பிடுகிற சோறு, களி, இட்லி, கிழங்கு எல்லாம் குடலில் கரைந்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. இந்தச் சர்க்கரை கெட்டதல்ல. கை கால் அசைய, மூளை நினைக்க, வயிற்றில் உள்ள குழந்தை வளர இதுதான் எரிபொருள். ஆனால் இரத்தத்திலேயே தங்கிவிட்டால் பயனில்லை. தசைக்குள்ளும் மற்ற உறுப்புகளுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும்.

ஜேடர்பாளையத்தில் பிரிகிற இராஜவாய்க்கால் பாசனத்தையோ மேட்டூர்க் கால்வாய்ப் பாசனத்தையோ பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இரத்தம் வாய்க்கால். சர்க்கரை அதில் ஓடுகிற தண்ணீர். நம் தசைகள் வயல்கள். வயலுக்கு வயல் ஒரு வாமடை உண்டு. மண்வெட்டியோடு போய் அந்த வாமடையைத் திறந்துவிடுகிற, தண்ணி கட்டுகிற ஆள்தான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்புறம் இருக்கும் கணையம் என்ற சுரப்பி, சாப்பிடும்போதெல்லாம் இந்த ஆளை அனுப்பி வைக்கிறது.

வாமடையில் வண்டல் ஏறி இறுகிக் கிடந்தால் என்ன ஆகும்? ஒரு ஆள் வெட்டித் திறக்க முடியாது. இரண்டு ஆள் வேண்டும். இன்னும் இறுகினால் நான்கு ஆள். கணையம் சளைக்காமல் அனுப்புகிறது. எப்படியோ தண்ணீர் வயலுக்குப் போய்விடுகிறது. வாய்க்காலைப் பார்க்கிறவர் "தண்ணீர் மட்டம் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு ஆள் செய்ய வேண்டிய வேலையை நான்கு ஆள் செய்வது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்குத்தான் இன்சுலின் எதிர்ப்பு நிலை என்று பெயர். இன்சுலின் இருக்கிறது, போதாததற்கு அதிகமாகவும் இருக்கிறது. உடம்பு அதற்கு இணங்க மறுக்கிறது. இந்த நிலையில் சர்க்கரைச் சோதனை செய்தால் பெரும்பாலும் சரியாகவே காட்டும். இப்படியே பத்து வருஷம், அதற்கு மேலும்கூட ஓடும். பிறகு கணையம் களைத்துப்போகிறது, அனுப்பும் ஆள் குறைகிறது. அன்றைக்குத்தான் வாய்க்கால் வழிகிறது. அதற்குத்தான் நாம் சர்க்கரை வியாதி என்று பெயர் வைத்திருக்கிறோம். கண்டுபிடிக்கும் நாளில் கணையத்தின் திறன் ஏறத்தாழ பாதி போயிருப்பது வழக்கம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "ராத்திரி ஒண்ணும் சாப்பிடாமப் படுத்தேன், காலையில 140 காட்டுதே?" என்று பலர் கேட்கிறார்கள், மிஷின் பொய் சொல்கிறது என்று சண்டைக்கும் வருகிறார்கள். மிஷின் மேல் குற்றமில்லை. நாம் தூங்கும் நேரத்தில் கல்லீரல் தானே சர்க்கரை செய்து இரத்தத்தில் விடும். கிணற்று மோட்டார் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதுபோல. போதும் நிறுத்து என்று சொல்வதும் இன்சுலின்தான். கல்லீரலில் கொழுப்புப் படிந்திருந்தால் அந்தச் சொல் காதில் விழாது. மோட்டார் விடிய விடிய ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் சீட்டில் கல்லீரல் கொழுப்பு என்று எழுதியிருந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இதைக் கண்டறிந்த கதை

1921-ஆம் ஆண்டு கனடா நாட்டு டொராண்டோ நகரில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். மறு வருஷம் ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதல் ஊசி போடப்பட்டு அவன் பிழைத்தான். அதனால் எல்லாச் சர்க்கரை நோயும் இன்சுலின் இல்லாததால் வருவதே என்று வைத்தியர்கள் நினைத்தார்கள். 1936-இல் லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குச் சர்க்கரையையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு இன்சுலின் உடனே வேலை செய்தது. சிலருக்கு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1960-இல் அமெரிக்காவில் ரோசலின் யாலோ என்ற பெண் விஞ்ஞானியும் பெர்சன் என்ற மருத்துவரும் இரத்தத்தில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையைக் கண்டுபிடித்து அளந்தபோது, நடுத்தர வயதில் சர்க்கரை நோய் வந்த பலருக்கு இன்சுலின் குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது தெரிந்தது. அந்த அம்மையாருக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் தமிழ்நாட்டிலும் இந்த நோயைத் தனியாக எடுத்துக் கவனித்தவர்கள் முன்னமே இருந்தார்கள். மருத்துவர் எம். விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையே கட்டினார். பணக்கார வியாதி என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்குப்படி நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. இனி அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது.

நமக்கு ஏன் வருகிறது

வாமடையில் ஏறுகிற வண்டல் என்று சொன்னேனே, அது பெரும்பாலும் கொழுப்பு. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைவிட, தொப்பைக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் தசைக்குள்ளும் படிகிற கொழுப்புதான் இன்சுலினைத் தடுக்கிறது.

"எங்க ஊட்டுக்காரர் ஒல்லிதானுங்களே" என்று சொல்லும் தாய்மார்கள் இதைக் கவனிக்கவும். 2004-இல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனே நகரத்து யாக்னிக். மற்றவர் லண்டன் நகரத்து யூட்கின். உயரத்துக்கு எடை என்று கணக்குப் போட்டால் இருவரும் சரிக்குச் சரி. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9, நம்மவருக்கு நூற்றுக்கு 21. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்த ஆண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று பஸ் நிறுத்தத்தில் நின்று எண்ணிப்பாருங்கள்.

அடுத்தது உழைப்பு. என் சிறு வயதில் பெரியவர்கள் கவலை ஏற்றம் இறைத்த கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாட்டோடு மாடாகச் சரிவில் ஏறி இறங்குவார்களாம். பெண்கள் உரலில் கம்பு குத்தி, திரிகையில் ராகி திரித்து, இடுப்பில் குடம் சுமந்தார்கள். இன்று மோட்டார் தண்ணீர் இறைக்கிறது. கிரைண்டர் மாவாட்டுகிறது. தோட்டத்துக்குப் போக மொபெட் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாடு மறுபடி யாருக்கும் வேண்டாம். ஆனால் பாடு போன பிறகும் தட்டில் சோற்றின் உயரம் குறையவில்லையே! கம்பும் சோளமும் ராகியும் சாப்பிட்ட வீடுகளில் மூன்று வேளையும் தீட்டிய அரிசி என்று ஆகிவிட்டது. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. பெயர்தான் மூன்று, சரக்கு ஒன்றே.

தூக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நாள் தூக்கம் கெட்டாலே இன்சுலினுக்கு உடம்பு இணங்குவது குறைகிறது. நாமக்கல், திருச்செங்கோட்டு லாரி டிரைவர்களும், ரிக் வண்டியில் போகிறவர்களும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுகிறவர்களும் இதில் தனியாகக் கவனம் வைக்க வேண்டியவர்கள். பீடி சிகரெட்டும் இந்த எதிர்ப்பைக் கூட்டும். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். அதை நாம் மாற்ற முடியாது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ள முடியும்.

உடம்பு காட்டும் அடையாளங்கள்

இன்சுலின் எதிர்ப்பைக் கண்டுபிடிக்கப் பெரிய சோதனை எதுவும் வேண்டியதில்லை. தையற்காரரிடம் இருக்கும் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ. (முப்பத்தைந்தரை அங்குலம்), பெண்ணுக்கு 80 செ.மீ. (முப்பத்தொன்றரை அங்குலம்) எட்டினால் எச்சரிக்கை. முகாமில் அளக்கும்போது ஆண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். நாடாவை ஏமாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. அரைஞாண் கயிறு கட்டுகிறவர்களுக்கு நாடாகூட வேண்டாம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கயிற்றை எத்தனை தடவை தளர்த்திக் கட்டினீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருக்கிறதா? இதைச் சங்கிலி அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறார்கள். வயசுப் பெண்ணைக் "கழுத்தைக் கழுவுடி" என்று தாயே திட்டுகிறார். அது அழுக்கல்ல. இரத்தத்தில் கூடிப்போன இன்சுலின் தோலை அப்படி வளர்க்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இடுப்பு குறைந்தால் மெல்ல மங்கும். கழுத்தைச் சுற்றிச் சிறு சிறு மருக்கள் வருவதும் இதோடு சேர்ந்தது. இரத்தக் கொதிப்பும், இரத்தத்தில் கொழுப்பும் இதே வேரிலிருந்து கிளைப்பவை. அதனால்தான் சர்க்கரை எட்டுமுன்னே மாரடைப்பு எட்டிவிடுவதும் உண்டு.

குடும்ப நலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

கர்ப்பத்தின் பின்பாதியில், நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் நீர்கள் தாயின் உடம்பை இன்சுலினுக்கு இணங்காதபடி வேண்டுமென்றே செய்கின்றன. குழந்தைக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. பெரும்பாலான தாய்மாருக்குக் கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். முன்னமே வாமடை இறுகியிருந்த தாய்க்கு அது முடிவதில்லை. அவருக்குத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை வருகிறது. ஆகவே அது கணையத்துக்கு வைத்த ஒரு பரீட்சை மாதிரி. பிரசவம் ஆனதும் பரீட்சை முடிகிறது, சர்க்கரை இறங்குகிறது. ஆனால் அந்தக் கணையத்துக்கு எவ்வளவு தாங்கும் என்பது நமக்குத் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் மேல்.

கர்ப்பம் உறுதியானதும் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை சோதனை செய்கிறார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். 140-ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. சாப்பிட்டு வந்திருந்தாலும் வராவிட்டாலும் செய்யக்கூடிய இந்த எளிய முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா விடாமல் வலியுறுத்தினார். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வெறும் வயிற்றோடு கர்ப்பிணி வரவேண்டியதில்லை என்பதே பெரிய உபகாரம். குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

பிரசவமாகி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ஒரு சோதனை. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட வருகிற அன்றைக்கே தாயும் கையை நீட்டிவிடலாம். பிறகு வருஷம் ஒருமுறை. இதை நினைவு வைத்துக் கூட்டிவருவது கணவருடைய பொறுப்பு என்று எழுதுகிறேன். பச்சைக் குழந்தையை வைத்திருக்கிறவள் தன் உடம்பை நினைக்க மாட்டாள். தாய்ப்பால் கொடுப்பதும் தாய்க்குச் சர்க்கரை வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

அடுத்த குழந்தை வேண்டுமென்றால், கர்ப்பம் ஆகுமுன்னே சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் இருதயமும் முதுகுத்தண்டும் உருவாவது முதல் சில வாரங்களில். நாள் தள்ளிப்போனது தெரியுமுன்னே அந்த வேலை பாதி முடிந்துவிடும். அப்போது சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் குழந்தைக்குப் பிறவிக் குறை ஏற்படலாம். சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். காப்பர்-டி சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்கும் ஏற்ற சாதனமே.

கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை, மாதவிலக்கு இரண்டு மாதம் மூன்று மாதம் தள்ளித் தள்ளி வருகிறது, முகத்தில் மீசைபோல மயிர் முளைக்கிறது, உடம்பு போடுகிறது. ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி என்கிறார்கள். இதற்குப் பின்னாலும் பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பே இருக்கிறது. கூடிப்போன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் சுரப்பு நீரை அதிகமாக்குகிறது, முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது. பருமனான பெண்ணுக்கு உடல் எடை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்காகிறது, கருவும் தங்குகிறது. மாமியார்மாருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பெண்ணிடம் குறை தேடுவதை விட்டு, அவள் நடக்கப் போகிற அரைமணி நேரம் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொண்டால் பேரன் பேத்தியைச் சீக்கிரம் பார்க்கலாம். மகனையும் சோதனைக்கு அனுப்புங்கள். குழந்தையின்மையில் ஆண் பக்கத்துக் காரணமும் உண்டு.

ஆண்களுக்கு: சர்க்கரை நோய் முற்றினால் இரத்தக் குழாயும் நரம்பும் கெட்டு ஆண்மைக் குறைவு வரும். வெட்கப்பட்டுப் பஸ் நிலையத்துச் சுவரொட்டி வைத்தியரிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள். முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செஞ்சதுல இருந்துதானுங்க உடம்பு போட்டுச்சு, சர்க்கரை வந்துச்சு" என்று சொல்லக் கேட்கிறேன். அந்த அறுவை சிகிச்சையில் கருக்குழாய் மட்டும்தான் அடைக்கப்படுகிறது. அதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பு இல்லை. பிரசவத்தோடு ஏறிய எடையும், பிறகு வந்த வயதும், வீட்டோடு இருந்துவிட்டதும்தான் காரணம்.

திருத்திக்கொள்ள முடியுமா

முடியும். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினம் அரைமணி நேரமாவது நடந்து, உணவை மாற்றிக்கொண்டவர்களில் 39 பேருக்கு வந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் விசேஷம். எடை இறங்கவில்லையே என்று பத்தாம் நாள் நடையை விட்டுவிடுகிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும். 39 பேருக்கு வரத்தான் செய்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தப்பித்த அந்த 16 பேரில் ஒருவராக நீங்கள் ஏன் இருக்கக் கூடாது?

நடை எப்படி வேலை செய்கிறது என்றால், ஓடியாடும் தசை இன்சுலின் வராமலேயே தன் மடையைத் தானே திறந்துகொள்ளும். அதன் பலன் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் நிற்கும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாள் நடக்காமல் விடக் கூடாது. இராத்திரி சாப்பிட்டதும் கட்டிலில் சாயாமல் பத்து நிமிஷம் தெருவில் நடந்தால் அந்தச் சாப்பாட்டின் சர்க்கரை குறைவாக ஏறும். "காட்டுல நாளெல்லாம் வேலைதானுங்களே" என்பவர்களுக்கு: களை வெட்டுவதும் கதிர் அறுப்பதும் உழைப்புதான். வரப்பில் நின்று ஆளை ஏவுவது அதில் சேராது. ஸ்டியரிங் பிடிப்பதும் சேராது.

சாப்பாட்டு விஷயத்தில் சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. தட்டில் பாதி இடம் காய்க்கும் கீரைக்கும். கால் பங்கு பருப்பு, கொள்ளு, தட்டைப்பயறு, முட்டை, மீன். மீதிக் கால் பங்கு சோறு. அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை எல்லாம் நம் தோட்டத்திலேயே விளைகிறது. முட்டை நாமக்கல்லில் இருந்து நாடெல்லாம் போகிறது, நாமக்கல்காரர் தட்டில்தான் காணோம். அரிசியும்பருப்புச் சாதம் செய்கிற அன்றைக்கு அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள்.

ராகிக் களி நல்லதுதான். சத்து உண்டு, அரிசியைவிட நார் உண்டு. ஆனால் கவலை இறைத்த பாட்டன் சாப்பிட்ட அளவு உருண்டையை மொபெட்டில் போகிற பேரன் சாப்பிட்டால் களியும் சர்க்கரையை ஏற்றும். ஜவ்வரிசியும் மரவள்ளிக்கிழங்கும் நமக்குப் பிழைப்பு கொடுக்கிற பயிர், அதை மதிக்கிறேன். ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய வெறும் மாவுச் சத்து. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைத்த பழக்கத்தில் சர்க்கரைக்காரருக்கும் கொடுக்காதீர்கள். நாட்டுச் சர்க்கரையும் பரமத்தி வேலூர்ப் பக்கத்து அச்சுவெல்லமும் இரத்தத்துக்குள் போனால் வெள்ளைச் சர்க்கரைதான். வெல்லம் ஒன்றும் செய்யாது என்று நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

டீக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், பத்து கிராம். நாளைக்கு ஐந்து டம்ளர், ஐம்பது கிராம். கணவன் மனைவி இருவருக்கும் நூறு கிராம். மாதம் மூன்று கிலோ. இனிப்பே தொடுவதில்லை என்கிற வீட்டில்!

எச்சரிக்கைகள் இரண்டு. மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று வெட்டிவிட்டு நீண்ட தூரம் நடந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வரலாம். மடியில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம், பக்கத்து வீட்டாருடைய மாத்திரையை வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம். மற்றது, சிறு பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் வேறு வகை. அங்கே கணையம் இன்சுலினே சுரப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஊசிதான் உயிர். நடை, பத்தியம், நாட்டு மருந்து என்று ஊசியை நிறுத்தினால் சில நாளில் உயிருக்கே ஆபத்து.

சோதனையும் எண்களும்

முப்பது வயது கடந்தவர்கள் எல்லோரும், இடுப்பளவு கூடியவர்களும் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்களும் வயது பாராமலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் 100-க்குள் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை முந்தைய நிலை, அதாவது மடை இறுகி ஆள் களைக்கத் தொடங்கிவிட்டது. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மறுமுறை பார்த்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையில் 5.7-க்குக் கீழ் நல்லது, ஆறரை ஆனால் நோய். சோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து நல்ல பேர் வாங்கப் பார்க்கிறவர்கள் இந்தச் சராசரிச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள்.

வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பார்த்து மருந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த சீமைதான் அது.

இராசிபுரத்துப் பெண்ணுக்கு மாத்திரை தொடங்கினோம். அடுத்த மாதம் வரும்போது கணவரையும் கூட்டிவரச் சொன்னேன். லோடு இருக்கிறது என்று இரண்டு தடவை தட்டிக்கழித்து, மூன்றாம் தடவை வந்தார். பிடரி கறுத்திருந்தது. இடுப்பு 97 செ.மீ. வெறும் வயிற்றில் சர்க்கரை 118.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானுங்க இவ கூட வந்தேன்" என்றார்.

"உங்களுக்கு இன்னும் நோய் வரலை. மாத்திரையும் வேண்டாம். இவங்க இன்னைக்கு நிக்கிற இடத்துக்கு நீங்க வராம இருக்கலாம்" என்றேன். வீட்டில் ஆளுக்கொரு சமையல் வேண்டாம், மனைவிக்குச் சொன்ன தட்டுதான் அவருக்கும், பிள்ளைகளுக்கும் என்று அந்த அம்மாவிடமும் சொன்னேன். லோடு இறக்கும் நேரத்தில் வண்டியில் படுக்காமல் கிழங்கு மில்லைச் சுற்றி நடப்பதாக ஒப்புக்கொண்டார். டீக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூன்வரை வந்திருக்கிறார், அதற்குமேல் இறங்க மறுக்கிறார்.

ஆறு மாதம் கழித்து இருவரும் ஒன்றாகவே வந்தார்கள். மனைவிக்கு வெறும் வயிற்றில் 124, மாத்திரையோடு. கணவருக்கு 106, இடுப்பு 93. பெரிய பையனுக்கு எட்டு வயது, அவன் பிடரியையும் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அடுத்த சோதனைத் தேதியைக் குழந்தையின் அட்டைக்குள் வைக்காமல், கணவருடைய டிரைவிங் லைசென்ஸ் உறைக்குள் வைத்து அனுப்பினேன்.